ஆகாயத்தில் எடுக்கும் காணி



மா ஓயாவின் வடகரையில் தொடங்கி, சிலாபம், உடப்பு, முந்தல், பாலாவி என்று ஏறி, கற்பிட்டி முனையைச் சுற்றி வில்பத்துக் காட்டோரம் வரை நீளும் இந்தக் கரையில் விமான இரைச்சல் இன்றைக்கு ஒரு பெரும் தொல்லை இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நமக்கு மிக அருகில் உள்ள பெரிய விமான நிலையம் கட்டுநாயக்க. அங்கே ஓடுபாதை ஒன்றுதான். அது வடகிழக்குக்கும் தென்மேற்குக்குமாகக் கிடக்கிறது. காற்றை எதிர்த்துத்தான் விமானம் இறங்கவும் ஏறவும் வேண்டும். ஆகவே தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விமானங்கள் உள்நாட்டுப் பக்கமிருந்து வந்து இறங்கி, நீர்கொழும்புக் களப்பின் பக்கமாக ஏறிப் போகின்றன. வாடைக் காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும். இரண்டிலும் தாழப் பறக்கும் பகுதி கம்பஹா மாவட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. நம் தலைக்கு மேலே வரும்போது அவை உயரத்தில் போகும் வெள்ளைக் கோடுகள். இதற்கு முன் இந்தக் கரை விமானத்தை நெருங்கிக் கண்டது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். அப்போது பிரித்தானியக் கடற்படை புத்தளத்தில் ஒரு விமானத் தளம் வைத்திருந்தது. அதற்கு 'ராஜாளியா' என்று பெயர். சேற்றில் புதைந்த போர் விமானங்களை யானை கட்டி இழுக்கும் படங்கள் அந்தத் தளத்தில் எடுத்தவைதான். இரைச்சலைப் பற்றி அன்று யாரும் ஊராரைக் கேட்டிருக்க மாட்டார்கள். போர்க்காலம், அதுவும் அந்நிய ஆட்சி. அதை விட்டுவிடலாம்.

தொல்லையே இல்லாத இடத்தில் தொல்லையைப் பற்றி ஏன் ஒரு சொற்பொழிவு என்று நீங்கள் கேட்கலாம். தொல்லை வந்த பிறகு பேசியதன் பலனை இந்த மாவட்டம் ஏற்கனவே கண்டிருக்கிறது என்பதே என் மறுமொழி. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று அலகும் சேர்ந்து 900 மெகாவாட் ஆயிற்று. நாட்டுக்கு அந்த மின்சாரம் தேவைப்பட்டது, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் தென்மேற்குக் காற்றில் நிலக்கரித் தூளும் சாம்பலும் தங்கள் தோட்டத்திலும் கிணற்றிலும் படிகின்றன என்று சுற்றுவட்டக் கிராமங்கள் சொன்னபோது புகைபோக்கி ஏற்கனவே எழுந்து நின்றுவிட்டது. 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, கொழும்பின் குப்பையை இந்த மாவட்டத்தின் அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் வேலை வேகமெடுத்தது. புத்தளம் நகரம் கடையடைத்து, ஊர்வலம் போய், கறுப்புக்கொடி கட்டியது. குப்பை வந்து சேர்ந்தது. எதிர்ப்பில் உண்மை இல்லாததால் இது நடந்துவிடவில்லை. முடிவு எடுத்தாயிற்று, பணம் போட்டாயிற்று என்ற நிலையில்தான் நம் பேச்சு மேசைக்கு வந்தது. இப்போது பாலாவியில் விமானப்படையின் ஓடுபாதை இருக்கிறது. கற்பிட்டியில் விமானப்படையின் பயிற்சித் தளம் ஒன்றும் உண்டு. கற்பிட்டித் தீவுகள் பதினான்கையும் சுற்றுலா வலயமாக்கும் திட்டம் ஒன்றரைத் தசாப்தத்துக்கும் மேலாகக் கோப்பில் இருந்து எழுவதும் படுப்பதுமாக இருக்கிறது. அது எழும்போதெல்லாம் உள்நாட்டு விமான சேவை, கடல்விமானம் என்ற பேச்சும் கூடவே எழுகிறது. ஆக, பேசுவதற்கு இதுவே காலம்.

நான் நிறுவ நினைப்பது ஒன்றுதான். ஓர் ஊருக்கு மேலே விமான வழித்தடம் வரைவது, அந்த ஊரில் காணி எடுப்பதற்குச் சமமான செயல். காணி எடுக்கும்போது குடிமகனுக்குச் சட்டம் என்ன உரிமை கொடுக்கிறதோ, வழித்தடம் வரையும்போதும் அதே உரிமை வேண்டும்.

காணி எடுத்தற் சட்டம் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அதன் குறைகளை நாம் அறிவோம். அவசரம் என்று சொல்லி உடனே கைப்பற்றும் அதிகாரத்தை அதிகாரிகள் எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் அறிவோம். இருந்தாலும் அந்தச் சட்டத்தில் ஒரு நாகரிகம் இருக்கிறது. இந்தப் பகுதியில் காணி தேவைப்படுகிறது என்று மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்ட வேண்டும். ஆட்சேபனை கேட்க வேண்டும். எடுத்தால் விலை கொடுக்க வேண்டும். விமான நிலையம் ஒன்று கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதைக்குள் தென்னந்தோப்பை இழந்தவர் இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு மனிதர்; அவருக்குக் கோப்பு உண்டு, இலக்கம் உண்டு, மேன்முறையீடு உண்டு. வேலிக்கு அப்பால் அரை மைலில் வீடு வைத்திருப்பவர் ஓர் அங்குல மண்ணையும் இழக்கவில்லை. ஆனால் அவர் வீட்டில் இனி இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் கலையும். பிள்ளைக்குப் பாடம் சொல்லும் குரல் பாதியில் நிற்கும். வீட்டை விற்கப் போனால் வாங்க வருபவர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார். இவருக்குக் கோப்பே இல்லை. முன்னவரிடம் எடுத்தது நிலத்தின் மேற்பரப்பு. இவரிடம் எடுத்தது அந்த நிலத்தில் குடியிருக்கும் பயன். இரண்டில் எது பெரியது என்பதை அவரவர் முடிவுக்கு விடுகிறேன். இரண்டாவதற்குச் சட்டத்தில் பெயரே இல்லை என்பதுதான் என் முறைப்பாடு.

இது கவிஞர் கற்பனை அல்ல; நீதிமன்றங்கள் ஏற்ற வாதம். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் காஸ்பி என்ற கோழிப்பண்ணைக்காரர் இருந்தார். போர்க்காலத்தில் பக்கத்து விமான நிலையத்தைப் படையினர் குத்தகைக்கு எடுத்தார்கள். குண்டுவீச்சு விமானங்கள் அவர் காணிக்கு மேலே 83 அடி உயரத்தில் இறங்கின. மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. நூற்றைம்பது கோழி போன பிறகு அவர் பண்ணையை மூடினார். வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போயிற்று. நிலத்துக்கு உரியவனுக்கு ஆகாயம் முழுவதும் உரியது என்ற பழைய கோட்பாட்டுக்கு இந்தக் காலத்தில் இடமில்லை என்று 1946இல் அந்த நீதிமன்றம் சொன்னது. அது அரசுக்குச் சாதகம். அதே மூச்சில், நிலத்தைப் பயன்படுத்தவே முடியாதபடி தாழவும் அடிக்கடியும் பறந்தால் அது காணியை எடுத்ததாகவே ஆகும், நட்டஈடு கொடு என்றும் சொன்னது. சிலாபத்துக்கும் நாத்தாண்டிக்கும் இடையில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இந்த வழக்கை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பிரித்தானியா இன்னொரு வழியில் போனது. வானூர்திகள் மேல் தொல்லை வழக்குப் போட முடியாதபடி 1920லேயே சட்டம் செய்தது. பிறகு அதன் அநியாயத்தை உணர்ந்து, பொதுப்பணியின் இரைச்சலால் வீட்டின் பெறுமதி குறைந்தால், காணி எடுக்காவிட்டாலும் நட்டஈடு உண்டு என்று 1973இல் வேறொரு சட்டம் செய்தது. விமான நிலையமும் அதில் அடங்கும். இந்த இரண்டு நாட்டிலும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தைச் சுற்றியுள்ளவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் வேலிக்கு வெளியே உள்ளவரும் எதையோ இழந்தவர் என்பதை அந்தச் சட்டங்கள் ஏற்கின்றன.

நம்மிடம் இரைச்சலுக்குச் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. மாநகர, நகர சபைப் பகுதிகளுக்கு இது 63, 50. கைத்தொழிற்சாலைக்கு, அரிசி ஆலைக்கு, மரம் அரியும் ஆலைக்கு இது நல்ல விதி. ஏனென்றால் இரைச்சல் எழும் காணியின் எல்லையில் கருவியை வைத்து அளக்கச் சொல்கிறது. விமானத்துக்கு எந்த வேலியில் கருவி வைப்பது? ஓடுபாதையின் வேலியில் அளந்தால் பத்துக் கிலோமீற்றர் தள்ளி, இறங்குபாதைக்கு நேர் கீழே இருக்கும் பாடசாலை கணக்கில் வராது. அதைவிடப் பெரிய சிக்கல் சராசரி. விதி சொல்லும் எண் ஒரு காலப்பகுதிக்கான சராசரி ஒலிச் சக்தி. உச்சத்தில் 75 டெசிபெலைத் தொட்டு அந்த உரப்பில் ஒரு பத்து விநாடி நிற்கும் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய அறையில் உறங்குபவரையும் எழுப்பக்கூடியது அது. எட்டு மணி நேர இரவில் அப்படி இரண்டு விமானம் போனால், மற்ற நேரமெல்லாம் ஊர் அமைதியாக இருந்தால், சராசரி 43ஐச் சற்றுத் தாண்டும். சட்டத்தின் 45க்குள் அடக்கம். அந்த வீட்டில் ஒரு நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். தாளில் குற்றம் எதுவும் நடக்கவில்லை. ஒரு வயலில் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று சொல்லி நடுக்கிணற்றில் இறங்கச் சொல்வது போன்ற கணக்கு இது. நம்முடையது போன்ற அமைதியான கரைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். களப்பின் தண்ணீர்ப் பரப்பு ஒலியை உறிஞ்சாது. இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து மேல்காற்று சூடாக இருக்கும்போது ஒலி மேலே கலைந்து போகாமல் வளைந்து கீழே இறங்கும். கரையில் பேசுவது தோணியில் இருப்பவருக்குக் கேட்பதன் காரணமும் இதுவே.

இந்த இரைச்சல் வெறும் எரிச்சலோடு நிற்பதில்லை என்பதற்கு ஆதாரம் கைவசம் இருக்கிறது. ஹீத்ரோ, ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல், மட்ரிட்டின் பராஹாஸ் ஆகிய மூன்று விமான நிலையங்களைச் சுற்றியுள்ள 89 பாடசாலைகளில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 2,844 பேரை ஆராய்ந்த முடிவுகள் 2005இல் வெளிவந்தன. விமான இரைச்சல் கூடக் கூட, வாசித்து விளங்கும் திறன் குறைந்தது. வீதி இரைச்சலில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. வறுமை, தாயின் கல்வி போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் நின்ற முடிவு அது. இதற்கும் மேலான சான்றை மியூனிக் நகரம் தானாகவே வழங்கியது. 1992இல் அங்கே பழைய விமான நிலையத்தை மூடி, வேறிடத்தில் புதியதைத் திறந்தார்கள். இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் முன்னும் பின்னும் சோதித்து வந்த ஆய்வாளர்கள் கண்டது, புதிய நிலையத்தருகே நினைவாற்றலும் வாசிப்பும் பின்னடைந்தன. பழைய இடத்தில், ஓசை நின்ற பிறகு, அவை மீண்டன. மீண்டது என்பதுதான் இதில் முக்கியம். கெடுத்தது ஓசைதான் என்பதை அது காட்டுகிறது. உலக சுகாதார தாபனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் வெளியிட்ட வழிகாட்டல், விமான இரைச்சல் இரவில் சராசரி 40 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைக்கிறது. நம் ஒழுங்குவிதியின் 45க்கும் இதற்கும் ஐந்துதான் வித்தியாசம் என்று நினைத்துவிட வேண்டாம். டெசிபெல் கணக்கில் ஐந்து கூடினால் ஒலிச் சக்தி மூன்று மடங்குக்கும் மேல்.

இங்கே இலங்கைச் சட்டத்தில் ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2007இல் நம் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கி பற்றிய வழக்கொன்றில், விருப்பமில்லாத ஒருவரைக் கேட்க வைக்க எவருக்கும் உரிமையில்லை என்ற அடிப்படையில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கொடுக்கலாகாது என்று கட்டளையிட்டது. பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் விகாரைக்கும் ஒரே விதி. முன்னேஸ்வரம் திருவிழாவானாலும் தலவில புனித அன்னம்மாள் பெருவிழாவானாலும் பொலிஸ் அனுமதியில் மணி குறித்திருக்கும். அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடுண்டு. ஆனால் மனிதனின் இரவுத் தூக்கம் கடவுளின் பெயராலும் கலைக்கப்படக் கூடாத அளவுக்குப் பெரிதென்றால், பயணச்சீட்டின் பெயரால் மட்டும் எப்படிக் கலைக்கலாம்? சுற்றாடல் தாக்க மதிப்பீட்டிலும் இதே ஓட்டைதான். 1993இன் வர்த்தமானி எந்தெந்தத் திட்டங்களுக்கு மதிப்பீடு வேண்டும் என்று வரிசைப்படுத்தியது. விமான நிலையம் கட்டுவது அதில் உண்டு. மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. ஆனால் மதிப்பீடு பார்ப்பது கட்டடத்தை. ஏற்கனவே இருக்கும் ஓடுபாதையிலிருந்து புறப்படும் வழித்தடத்தை நாளைக்கு வரைபடத்தில் பத்துப் பாகை திருப்பினால் அது 'திட்டம்' ஆகாது. ஒரு கல்லும் நகரவில்லை; ஓர் ஊரின் வானம் மட்டும் மாறிவிட்டது.

இது நடக்குமா என்றால், நடந்தது. 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் செய்மதி வழிகாட்டலுக்கு ஏற்ப வழித்தடங்களை மாற்றினார்கள். முன்பு பரவலாகப் போன விமானங்கள் தண்டவாளத்தில் போவது போல ஒரே கோட்டில் போகத் தொடங்கின. எரிபொருள் மிச்சம். ஆனால் அந்தக் கோட்டின் கீழே இருந்த குடியிருப்புகள் ஓர் இரவில் விமான நிலையத்துப் பக்கத்துவீடு ஆயின. நகரசபை வழக்குப் போட்டது. 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த மாற்றம் தன்னிச்சையானது, குடியிருப்பாளருடன் உரியபடி கலந்துபேசவில்லை என்று தள்ளியது. பாலாவியைப் பற்றி யோசிப்பவர்கள் பீனிக்ஸைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். பாலாவியில் ஓடுபாதை ஏற்கனவே இருக்கிறது. அதைப் பொதுச் சேவைக்குத் திறந்து, மணிக்கொரு விமானம் விடுவதில் 'கட்டுமானம்' என்று சொல்ல அதிகம் இருக்காது.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அவற்றில் வலுவானது பாதுகாப்பு பற்றியது. வழித்தடத்தைக் காற்றும் நிலவமைப்பும் பொறியியலும் தீர்மானிக்கின்றன, அதைக் கிராமக் கூட்டத்தில் கை தூக்கித் தீர்மானிக்க முடியாது என்கிறார்கள். முதல் பாதி சரி. ஓடுபாதை எந்தத் திசையில் கிடக்க வேண்டும் என்பதைக் காற்றுத்தான் சொல்லும். இறங்கும் கோணத்தில் விமானிக்கு வாக்கெடுப்பு வைக்கச் சொல்பவர் யாரும் இல்லை. ஆனால் எத்தனை மணிக்குப் பறப்பது, ஏறிய பின் எந்தக் கட்டத்தில் திரும்புவது, ஒரே ஊருக்கு மேல் எல்லாவற்றையும் விடுவதா, பிரித்து விடுவதா, பழைய இரைச்சல் விமானத்தை அனுமதிப்பதா என்பவை பொறியியல் மட்டுமல்ல. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பே 2001 முதல் நாலு வழியைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது: விமானத்திலேயே ஓசையைக் குறைப்பது, சுற்றியுள்ள காணிப் பயன்பாட்டைத் திட்டமிடுவது, பறக்கும் முறையை மாற்றுவது, வேறு வழி இல்லாதபோது நேரக் கட்டுப்பாடு. இவற்றில் தெரிவு இருக்கிறது, தெரிவு இருக்கும் இடத்தில் கேள்வியும் இருக்கலாம். நேர அட்டவணை இறைவன் எழுதியது அல்ல என்பதற்குக் கட்டுநாயக்கவே சாட்சி. 2017 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஓடுபாதையைப் புதுப்பிக்க, நாள்தோறும் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை அதை மூடினார்கள். முழு நாட்டின் விமானப் போக்குவரத்தும் மூன்று மாதம் மாலைக்கும் இரவுக்கும் நகர்ந்தது. தாருக்காக அட்டவணையை இரவுக்குத் தள்ள முடிந்தவர்கள், தூக்கத்துக்காக ஒரு சின்ன ஓடுபாதையின் சேவையைப் பகலுக்குள் அடக்க முடியாது என்றால் நம்புவது கடினம்.

இன்னும் ஒன்று, விமான நிலையத்தருகே தெரிந்தே வந்து குடியேறிவிட்டுப் பிறகு முறைப்பட்டால் எப்படி என்பது. சில நகரங்களில் இதற்கு நியாயம் உண்டு. இந்தக் கரையில் இல்லை. உடப்பிலும் கற்பிட்டியிலும் மக்கள் ஓடுபாதைக்கு முன்னமே இருந்தவர்கள். பாலாவியைச் சுற்றியும் புத்தளம் நகரைச் சுற்றியும் உள்ள குடியிருப்புகள் பலவற்றுக்கு இன்னொரு வரலாறு உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் வந்து இறங்கிய மண் இது. அவர்கள் வரைபடம் பார்த்து, ஒலி அளந்து, காணி தெரிவு செய்து வந்தவர்கள் அல்லர். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களைப் பார்த்து, பிடிக்காவிட்டால் வேறிடம் போகலாமே என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் நாக்கு எழக் கூடாது.

முன்னேற்றத்தைத் தடுக்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. சுற்றுலாவால் இந்த மாவட்டத்துக்கு வருமானம் வரட்டும். கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்க்க வருபவர் கொழும்பிலிருந்து நாலு மணி நேரம் வாகனத்தில் குலுங்க வேண்டியதில்லை என்றால் நல்லதுதான். ஆனால் கேளாமல் கட்டுவது வேகம் என்று நினைப்பவர்கள் ஜப்பானின் நரிட்டாவைப் பார்க்க வேண்டும். 1966இல் அமைச்சரவை ஊரைக் கேட்காமல் முடிவெடுத்தது. விவசாயிகளின் போராட்டத்தில் உயிர்கள் போயின. 1978இல்தான் ஒரே ஓடுபாதையோடு திறக்க முடிந்தது. இரண்டாவது ஓடுபாதை வர 2002 ஆயிற்று. இடையில் அரசு தன் அணுகுமுறை தவறென்று ஏற்று, ஊராரோடு மேசையில் உட்கார வேண்டி வந்தது. நமக்குப் பக்கத்திலேயும் உதாரணம் உண்டு. 2011இல் நீர்கொழும்புக் களப்பில் கடல்விமானம் இறக்கும் திட்டத்துக்கு எதிராக மீனவர்கள் வீதிக்கு வந்தார்கள், இறால் வளரும் களப்பைத் தோண்டுவதை அவர்கள் ஏற்கவில்லை, அரசு பின்வாங்கியது. தமிழ்நாட்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூரைத் தெரிந்தெடுத்ததாக 2022இல் அறிவித்த பிறகு அங்குள்ள ஏகனாபுரம் கிராமத்தார் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானமாக எதிர்த்து வருகிறார்கள். கேட்டால் மக்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அதனால் கேட்காமலே இருப்போம் என்பது இந்த உதாரணங்களிலிருந்து சிலர் கற்கும் பாடம். ஆனால் இடத்தைத் தெரிவு செய்து, அறிவித்துவிட்டுக் கேட்டால் மக்களுக்கு மிஞ்சுவது வேண்டாம் என்ற ஒரு சொல்தான். மூன்று வழியை முன்னால் வைத்து, ஒவ்வொன்றின் கீழும் எத்தனை வீடு, எத்தனை பாடசாலை என்று காட்டிக் கேட்டால் வேறு பதில் வரும்.

அப்படிக் கேட்பது நமக்கும் எளிதாக இருக்காது, ஏனென்றால் இந்தக் கரையில் இரைச்சலைத் தள்ளிவிட வெற்றிடம் இல்லை. கற்பிட்டிக் குடாநாடு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு. வீடுகளைத் தவிர்த்துக் களப்பின் மேல் வழித்தடம் போட்டால் அங்கே நீர்ப்பறவைகள். தெற்கே ஆனைவிழுந்தான் ஈரநிலம் 2001 முதல் ராம்சார் பட்டியலில் உள்ளது. பறவை மோதினால் விமானத்துக்கும் ஆபத்து. கடலின் மேல் போட்டால் கரைவலைக்காரரின் வாடிகள், வடமேல் கரையில் காற்றாலைகள். யாராவது ஒருவர் தலைக்கு மேல் அது போகத்தான் வேண்டும். யார் அந்த ஒருவர் என்பதை ஒரு மேசையில் ஓர் அதிகாரி பென்சிலால் முடிவு செய்வதா, பாதிக்கப்படுகிறவர் முன்னால் காரணம் சொல்லி முடிவு செய்வதா என்பதே கேள்வி. எப்பாவல பொஸ்பேற் வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளன் மட்டுமல்ல, மக்கள் சார்பில் காவலனும்கூட என்று தீர்ப்பளித்தது. வானத்தையும் அந்தக் காவலில் சேர்க்கக் கோருவது பெரிய தாவலாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஓடுபாதையின் பயன் மாறும்போதும், வழித்தடம் மாறும்போதும், அதை மதிப்பீட்டுக்குரிய செயலாக 1993இன் பட்டியலில் சேர்க்க வேண்டும். இரைச்சல் எந்த ஊரில் எந்த அளவு என்று காட்டும் வரைபடம் சிங்களத்திலும் தமிழிலும் பிரதேச செயலகத்தில் ஒட்டப்பட வேண்டும். சராசரியோடு சேர்த்து, இரவில் எத்தனை தடவை எவ்வளவு உரப்பு என்ற எண்ணிக்கையும் அதில் இருக்க வேண்டும். எல்லைக்கு மேல் போகும் வீட்டுக்கும் பாடசாலைக்கும் நட்டஈடு, அல்லது ஒலி தடுக்கும் கூரையும் யன்னலும். இவற்றுக்கெல்லாம் பாராளுமன்றம் வேண்டும், காலம் எடுக்கும்.

பாராளுமன்றத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியவை இரண்டு உண்டு, அவற்றை நாளைக்கே தொடங்கலாம். வழக்கு என்று வந்தால் முதல் கேள்வி, முன்பு இரைச்சல் எவ்வளவு இருந்தது என்பதாகவே இருக்கும். அந்த எண் கையில் இல்லாதவர் பக்கம் நியாயம் இருந்தும் தோற்பார். முதலில், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பாலாவி ஓடுபாதையைப் பொதுச் சேவைக்கு மாற்றும் முன்மொழிவு ஏதும் உண்டா, உண்டென்றால் வழித்தட வரைவு எது என்று சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லி ஒரு பகுதியை மறுக்கலாம், அந்த மறுப்பும் ஓர் ஆவணம். இரண்டாவது, அந்த எண்ணை நாமே அளந்து வைப்பது. ஒலிமானி இன்றைக்கு விலை உயர்ந்த கருவி அல்ல. பாலாவியில் ஒரு பாடசாலை, கற்பிட்டி ஆதார வைத்தியசாலை, நுரைச்சோலையில் ஒரு தோட்டம், உடப்பின் கரை, களப்போரத்தில் ஒரு வாடி என்று ஐந்து இடத்தில், தென்மேற்குக் காற்றில் ஒரு வாரமும் வாடைக் காற்றில் ஒரு வாரமும், பகலும் இரவும் அளந்து, திகதியும் நேரமும் காற்றின் திசையும் எழுதி, பிரதேச சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் பதிவுத் தபாலில் ஒரு பிரதி அனுப்பி வைக்கலாம். விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் உயர்தர மாணவர் சிலரும் போதும். சிலாபத்துக்குத் தெற்கே உள்ளவர்கள் இதில் கட்டுநாயக்கவின் இரவு விமானங்களையும் குறித்து வைத்தால், அங்கே இரண்டாவது ஓடுபாதை பற்றிய பேச்சு வரும் நாளில் அந்தத் தாள்கள் உதவும்.